ஆடு தொடாத் தரை

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. சுற்றிலும் வேலி, முன்னால் ஒரு பலகை. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது என்பது ஊர்க்கணக்கு. பிரேசில் காட்டில் பொறுக்கிய விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. பிறகு அந்த இனத்து மரங்களுக்குப் பால் வெட்டத்தான் நம் பாட்டன் பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள்.

இந்த அத்தியாயத்தின் பால் வேறு. ஆனால் அதுவும் அதே விடியற்காலையில், அதே லயத்தின் பின்பக்கத்தில் கறந்த பால்தான். பெரட்டுக்குப் போகுமுன் பால்மரக்காரர் வீட்டில் ஒருத்தி ஆட்டைக் கறந்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினாள். தோட்டம் துண்டானது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்துச் சனங்கள் தாமான்களுக்குப் போனார்கள். ஆடு மட்டும் சில வீடுகளில் கூடவே போயிற்று.

சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் அப்படி ஒரு வீடு எனக்குத் தெரியும். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து பெட்டை, ஒரு கிடா. காலை ஆறரைக்கு, இருட்டு இன்னும் பிரியாத நேரத்தில், அக்கா கையில் எவர்சில்வர் வாளியோடு ஏறுகிறார். ஏறுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஆடுகள் நிற்பது தரையிலிருந்து ஓர் ஆள் இடுப்பு உயரத்தில், பலகைச் சட்டங்களை விரல் அகல இடைவெளி விட்டு அடித்த பரணில். புழுக்கையும் மூத்திரமும் இடைவெளி வழியாகக் கீழே விழுந்துவிடும். மேலே தகரக் கூரை. பக்கத்திலேயே அரை ஏக்கர் புல்லும் புதருமாகப் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. ஆடுகள் அதைப் பார்த்துக்கொண்டே அசை போடுகின்றன.

"ஏன்க்கா, அவுத்து விட்டா மேயாதா?" என்று கேட்டேன்.

"மேயும் தம்பி. அதான் பயம்."

இந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள உயிரியல்தான் இங்கே ஆடு வளர்ப்பின் முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்குதான் தீவனமும் இனமும் கறவையும்.

வெள்ளாடு வறண்ட நாட்டு விலங்கு. ஈரானை ஒட்டிய சாக்ரோஸ் மலைகளில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் அதைப் பழக்கினான். பாறை, முள், காய்ந்த புதர், எப்போதாவது மழை என்ற இடத்துக்கு அமைந்த உடம்பு அது. பாறையில் தேய வேண்டிய குளம்பு ஈர மண்ணில் தேயாமல் வளர்ந்து வளைகிறது. நனைந்த ரோமம் காய்வதற்குள் அடுத்த மழை. தலையைத் தூக்கி, முன்னங்காலை மரத்தில் ஊன்றி, இலையைப் பறித்துத் தின்னும் பழக்கம் அதற்கு. மாட்டைப் போலக் குனிந்து புல்லை வழிக்கிற பிராணி இல்லை.

எதைத் தின்னும், எதைத் தின்னாது என்பதில் நம் முன்னோர் ஆட்டையே சோதனைக்கருவியாக வைத்திருந்தார்கள். ஆடாதோடை என்பது ஆடு தொடா இலை. ஆடுதீண்டாப்பாளை என்று இன்னொன்று. ஆட்டின் நாக்கு ஒதுக்கியதை வைத்தே செடிக்குப் பெயர். லின்னேயஸ் 1753இல் ஆடாதோடைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோதும் 'ஜஸ்டீசியா அதடோடா' என்று தென்னாட்டுப் பெயரையே ஒட்டவைத்தார். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஆடு தின்னும் என்கிற பழிக்கு இந்த இரண்டு செடிகளே மறுப்பு. அது எல்லாவற்றையும் முகரும், கொஞ்சம் கடித்துப் பார்க்கும், பெரும்பாலானதைத் துப்பிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு விலங்கை, தீபகற்பத்திலேயே அதிக மழைக்குப் பேர்போன தைப்பிங்கிற்குப் பக்கத்து ஊரில் கொண்டுவந்து கட்டினால் என்ன ஆகும்? முதலில் அது கொழுக்கும். ஆறேழு வாரம் கழித்து மெலியும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும். ஒருநாள் காலையில் எழுந்திருக்காது. பக்கத்து வீட்டில் யாராவது கண்ணேறு என்பார்கள்.

காரணம் ஈமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்ற வயிற்றுப்புழு. ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டிருப்பதால், நம்மூர் முடிவெட்டும் கடை வாசலில் சுழலுமே சிவப்பு வெள்ளைக் கம்பம், அது மாதிரியே இருக்கும். ஆங்கிலத்திலும் அந்தக் கம்பத்தின் பெயர்தான் அதற்கு.

ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். ஒரு துளிதான். ஆனால் ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லிலிட்டர். முப்பது கிலோ ஆட்டின் உடம்பில் ஓடுவது மொத்தம் இரண்டு லிட்டர் சொச்சம் இரத்தம். எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதிய இரத்தம் ஊற்றினாலும், குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய் எத்தனை நாள் தாங்கும்? இரத்தத்தோடு புரதமும் போவதால்தான் நாளங்களில் நிற்க வேண்டிய நீர் கசிந்து தாடைக்கடியில் தேங்குகிறது.

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்குமேல் இடும். முட்டை புழுக்கையோடு தரைக்கு வருகிறது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் பொரித்து, இரண்டு முறை சட்டை உரித்து, மூன்றாம் பருவத்துக்கு வந்துவிடும். முதல் இரண்டு பருவத்தில் புழுக்கையில் உள்ள பாக்டீரியாவைத் தின்று வளரும். மூன்றாம் பருவத்தில் உரிய வேண்டிய சட்டையை உரிக்காமல் போர்த்திக்கொண்டே திரியும். அந்தச் சட்டை அதை வெயிலிலிருந்து காக்கிறது, கூடவே வாயையும் அடைத்துவிடுகிறது. அதற்குமேல் அது தின்ன முடியாது. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பு தீருவதற்குள் ஒரு ஆட்டின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். பனித்துளி படிந்த புல்லின் தண்டில், அந்த நீர்ப்படலத்தில் நீந்தி நீந்தி மேலே ஏறிக் காத்திருக்கும். விடியற்காலைப் புல் நுனிதான் ஆபத்து. பனி காய்ந்த பிறகுதான் ஆட்டை அவிழ்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த அர்த்தம் இருக்கிறது.

குளிர்நாட்டில் இந்தப் புழுக்குஞ்சு மேய்ச்சல் நிலத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளிரில் அதன் உடம்பு மெல்ல எரிகிறது, சேமிப்பு நீடிக்கிறது. நம் ஊரிலோ வெப்பம் அதை ஓட ஓட விரட்டுகிறது. கையிருப்பு சீக்கிரம் தீர்ந்து, நாலைந்து வாரத்தில் பெரும்பாலானவை பட்டினியில் செத்துவிடும். ஈர வெப்பநாடு புழுவின் சொர்க்கம் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஒரு திறப்பு. 1990களில் பசிபிக் தீவான தொங்காவில் பார்ஜர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஆடுகளை மூன்றரை நாள் மட்டும் விட்டது. முட்டை பொரித்துப் புல்லேறுவதற்குள் ஆடு அடுத்த துண்டுக்குப் போய்விடும். சுற்றி முடித்து முதல் துண்டுக்குத் திரும்பி வரும்போது 31 நாளுக்குமேல் ஆகியிருக்கும், குஞ்சுகள் பெரும்பாலும் செத்திருக்கும். ஆடுகளின் புழுக்கையில் முட்டை எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. மலேசியாவிலும் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார்கள்.

நல்ல கணக்குதான். பத்துத் துண்டு நிலம் யாரிடம் இருக்கிறது? அக்காவிடம் வீட்டு மனையும் ஓடைக்கரையும்தான். அதனால் அவர் சுழற்சியை விட்டுவிட்டு ஆட்டையே தரையிலிருந்து பிரித்துவிட்டார். பரணில் நிற்கும் ஆட்டின் முட்டை கீழே விழுகிறது, குஞ்சு பொரிக்கிறது, ஏறுவதற்குப் புல்லும் இல்லை, விழுங்குவதற்கு வாயும் இல்லை. தீவனத்தை அக்கா வெட்டிச் சுமந்து வருகிறார். புல்லை அடியோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுக்கிறார், அதுவும் வெயில் ஏறிய பிறகு. மரத்தழை என்றால் கவலையே இல்லை, அவ்வளவு உயரம் புழு ஏறாது. மலாய்க் கம்பத்து ஆட்டுக் கொட்டகைகளும் இப்படித் தூண்மேல்தான் நிற்கும். தமிழ்நாட்டில் அண்மைக்காலமாகப் 'பரண்மேல் ஆடு வளர்ப்பு' என்று புதுத் தொழில்நுட்பமாகப் பேசுவதைக் கேட்டால் அக்கா சிரிப்பார்.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. அல்லது இருந்தது. மரத்தழை தின்றே வளர்ந்த இனமாதலால் ஆட்டுக்குப் புழுவை எதிர்க்கும் திறன் செம்மறியைவிடக் குறைவு. மருந்தையும் அதன் ஈரல் செம்மறியைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். செம்மறி அளவையே ஆட்டுக்கும் கொடுத்தால் அது அரை மருந்து. அரை மருந்தில் சாகாமல் தப்பிய புழுதான் அடுத்த தலைமுறைக்குத் தாய். இப்படியே பல வருடம் போனதில், சபாவின் அரசு இனப்பெருக்கப் பண்ணைகளில் எல்லா வகைப் புழு மருந்தும் தோற்றுவிட்டது என்ற ஆய்வு 2004இல் வெளியானது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சந்திரவதனி, ஈப்போவில் 1948 முதல் இயங்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்தில் அப்போது ஒட்டுண்ணி வல்லுநராக இருந்தவர். அதே குழு செம்மறிகளுக்குத் தினமும் பச்சை வேப்பிலை கொடுத்துப் பார்த்து 2006இல் எழுதியது. புழுவைப் பிடித்துத் தின்னும் ஒரு பூஞ்சையைத் தீவனத்தில் கலந்தும் பார்த்தார்கள். மருந்துக்கடைக்கு வெளியே வழி தேட வேண்டிய நிலைமை.

அந்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது காசு செலவில்லாதது. ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பது. உள்சதை சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் அந்த ஒரு ஆட்டுக்கு மட்டும் மருந்து. தென்னாப்பிரிக்காவில் 1990களில் இதை ஐந்து நிறப் படிகளாக வகுத்து ஓர் அட்டை அச்சிட்டார்கள். ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரெழுத்துகளோடு, அட்டையைக் குறிக்கும் 'சார்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளையும் சேர்த்து ஃபமாச்சா என்று பெயர். மந்தையில் சில ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன என்பதுதான் அடிப்படை. மற்றவற்றை மருந்தில்லாமல் விட்டால், மருந்துக்கு மசியும் புழுக்களும் தொடர்ந்து பிழைத்து இனம் பெருக்கும், எதிர்ப்புப் புழு தனிக்காட்டு ராஜா ஆகாது.

அக்காவிடம் அட்டை இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் ஒவ்வொன்றாகத் தலையை இடுப்பில் அணைத்து இமையை இழுக்கிறார். "இது குங்குமம். இது குங்குமம். இது... சந்தனம் ஆவுது பாரு." சந்தனமாகிற ஆட்டுக்குத்தான் அந்த வாரம் மருந்து.

தரையில் இன்னொன்றும் காத்திருக்கிறது. 1911இல் ரங்கூனில் அல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப்பரிசோதனையில் ஒரு புது நோயைக் கண்டார்கள். நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டிகள். இரண்டு வருடம் கழித்துக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூட விலங்குகளிடையே அதே நோய் பரவியது. அங்கிருந்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் பின்னாளில் மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். நோய்க்கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. ஆடு அதற்கு எளிதில் இரையாகும். மனிதனுக்கும் வரும், சர்க்கரை நோயாளிக்கு அதிகமாக. வெள்ளம் வடிந்த சேற்றில் ஆட்டை விடக்கூடாது, பரணுக்கடியில் புழுக்கை அள்ளும்போது காலில் பூட்ஸ் இல்லாமல் இறங்கக்கூடாது.

இனத்துக்கு வருவோம். நாட்டில் ஆதியிலிருந்து இருப்பது கம்பிங் காச்சாங். கறுப்பு, நிமிர்ந்த சின்னக் காது, பெட்டை இருபது இருபத்தைந்து கிலோ. இந்த மண்ணின் சீதோஷ்ணத்துக்கு உரம் பாய்ந்தது. பால் என்று கேட்டால் குட்டிக்கே பத்தும் பத்தாது. ஜம்னாபாரி யமுனைக்கும் சம்பலுக்கும் நடுவே எட்டாவாப் பக்கத்திலிருந்து வந்தது. தொங்கும் நீண்ட காது, கிளிமூக்கு, உயர்ந்த கால். நல்ல பெட்டை நாளுக்கு ஒன்று ஒன்றரை லிட்டர் கறக்கும். ஜாவாவில் அதை உள்ளூர் ஆட்டோடு கலந்து எட்டாவா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் ஆங்கிலோ நூபியன் ஆட்டிலும் ஜம்னாபாரி இரத்தம் உண்டு. சுவிட்சர்லாந்தின் சானன் பள்ளத்தாக்கிலிருந்து வந்த வெள்ளை ஆடு பாலில் எல்லாவற்றையும் மிஞ்சும், அதன் ஊரில். இங்கே மதிய வெயிலில் வாயைத் திறந்து இளைக்கும், தீனி குறையும், தீனி குறைந்தால் பாலும் குறையும்.

சானனுக்கு இங்கே ஒரு வசதியும் கிடைக்கிறது. குளிர்நாட்டு ஆடு இலையுதிர்காலத்தில் பகல் குறுகுவதைக் கண்டுதான் பருவத்துக்கு வரும், வருடத்தில் ஒரு முறை. கோலா கங்சார் நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை கூட இல்லை. நெடிய பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் அரைமணி சொச்சம். நாள்காட்டியே இல்லாத ஊர். அதனால் ஆண்டு முழுவதும் 21 நாளுக்கொரு முறை பருவத்துக்கு வரலாம், 150 நாளில் ஈனலாம். இரண்டு பெட்டையை மாற்றி மாற்றிச் சினையாக்கினால் வீட்டில் பால் நிற்காது.

கொம்பில்லாத ஆடு குத்தாது என்று கொம்பில்லாக் கிடாவையும் கொம்பில்லாப் பெட்டையையும் சேர்க்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கொம்பை நிறுத்துகிற மரபணு மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் பெண் குட்டி பெண்ணாக வளராது. வெளியே பெட்டை மாதிரி, உள்ளே சினைப்பைக்குப் பதில் விரை. 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்தக் கோளாற்றை மரபணுத்தொடரில் சுமார் 11,700 எழுத்துகள் விடுபட்டுப்போன ஓரிடத்தில் கண்டுபிடித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

தீவனத்திலும் தண்ணீர்தான் வில்லன். முப்பது கிலோ கறவை ஆட்டுக்கு நாளுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ உலர்பொருள் வேண்டும். மழைக்கால இளம் நேப்பியர் புல்லில் உலர்பொருள் 15 சதவீதம்தான், மிச்சம் நீர். அப்படியானால் எட்டு கிலோ புல் தின்றாக வேண்டும். கொஞ்சம் முற்றி 25 சதவீதமான புல் என்றால் ஐந்து கிலோ போதும். ஆட்டின் முதல் வயிறு ஓர் அளவுள்ள பீப்பாய். அதைத் தண்ணீரால் நிரப்பினால் ஆடு வயிறு நிறைந்தபடியே பட்டினி கிடக்கும். அக்கா காலையில் அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாட்டித்தான் போடுகிறார். வாட்டுவது மரவள்ளித் தழைக்கு இன்னும் முக்கியம். மரவள்ளியும் ரப்பரும் ஒரே குடும்பம். இரண்டின் இலையிலும் லினமரின் என்ற சேர்மம் உண்டு, மென்றால் சயனைடு வெளிப்படும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியை மாற்றி மாற்றிச் சமைத்துத் தின்ற தலைமுறைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மலிவு, புரதமும் உண்டு. அதில் தாமிரம் அதிகம் என்பதால் செம்மறி ஈரல் கெட்டுச் சாகும், ஆடு ஓரளவு தாங்கும். சாலையோரம் அடர்ந்து கிடக்கும் சிக்னல் புல்லையே தொடர்ந்து போட்டாலும் ஈரல் கெடும். காது, மூக்குத் தோல் வெயில் பட்டு வெந்துபோகும், கண் மஞ்சளிக்கும்.

தழையில் ராஜா பெத்தாய் பெலாலாங். தமிழ்நாட்டில் சவுண்டல் என்பார்கள், சூபாபுல் என்பார்கள். மெக்சிகோ பக்கத்து மரம். வெட்ட வெட்டத் துளிர்க்கும், இலையில் புரதம் நிறைய. கூடவே மிமோசின் என்ற நஞ்சும். அந்தப் பெயர் நம் ரப்பர்க் காட்டில் காலில் குத்தும் தொட்டாச்சிணுங்கியிலிருந்து வந்தது, அதிலும் அதே நஞ்சு. அளவு மிஞ்சினால் முடி கொட்டும். வயிற்றில் அது டிஎச்பி என்ற பொருளாக மாறித் தைராய்டைத் தாக்கும். ஆஸ்திரேலியாவில் இந்த மரத்தை மேய்ந்த மாடுகளுக்குக் கழுத்து வீங்கியது. ஆனால் ஹவாயில் ஆடுகள் இதையே மூன்று வேளையும் தின்று கொழுகொழுவென்று இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளருக்கு இது உறுத்தியது. ஆடு வேறா, மரம் வேறா? இரண்டும் இல்லை, வயிற்றுக்குள் இருக்கும் குடித்தனம் வேறு என்று ஊகித்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் வயிற்று நீரை எடுத்துப்போய் ஆஸ்திரேலிய ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊற்றினார். நஞ்சு முறிந்தது. ஒரு முறை ஊற்றியது மந்தைக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிப் பரவவும் செய்தது. அந்த பாக்டீரியாவுக்கு 1992இல் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு பிராணியின் சீரணத் திறமையை வாளியில் எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்க முடிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நாம் ஆடு வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆடு உள்ளே கோடானுகோடிப் பேரை வளர்க்கிறது, அவர்கள்தான் தழையைத் தின்கிறார்கள். அதனால்தான் தீவனத்தைத் திடீரென்று மாற்றக்கூடாது. குடித்தனக்காரர்கள் மாற ஒரு வாரம் பத்து நாள் வேண்டும்.

இனி மடி. அக்கா ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் தட்டில் விடுகிறார். திரித்திரியாக வந்தால் மடிநோய். பால் சுத்தமாக இருந்தால் வாளி. கட்டைவிரலும் சுட்டுவிரலும் காம்பின் மேல்பக்கத்தை இறுக்கி அடைக்கின்றன. மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுகின்றன. காம்பை இழுப்பதே இல்லை. முதலில் எவர்சில்வரில் 'ணங்' என்ற சத்தம், பிறகு நுரைக்குள் 'சொர்' என்று அடங்கிய சத்தம்.

பால்மரத்திலும் பால் உள்ளே அழுத்தத்தில் இருக்கிறது. விடியற்காலையில் பட்டையின் பால்குழாய்களில் சுமார் பத்து வளிமண்டல அழுத்தம். வெயில் ஏறி இலை நீரை இழுக்கத் தொடங்கினால் அது தளர்ந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டினார்கள். மரத்தை அளவுக்குமேல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். ஆட்டில் தலைகீழ், எடுக்க எடுக்கத்தான் ஊறும்.

ஏன் என்பதை ஆட்டின் மடிதான் சொல்லித் தந்தது. அதில் இரண்டு அறைகள், ஒன்றுக்கொன்று கலக்காது. ஒரே இரத்தம், ஒரே தீனி, ஒரே மனநிலை, இரண்டு மடி. ஆய்வாளனுக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்குமா? 1970களிலும் 80களிலும் பிரிட்டனில் பீக்கர் முதலானவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் கூடுதலாகக் கறந்தார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் சுரப்பு கூடியது, மறுபக்கம் பழையபடியே. அப்படியானால் காரணம் உடம்பு முழுக்க ஓடும் ஹார்மோன் இல்லை, மடிக்குள்ளேயே இருக்கிறது. காலியான இடம் கிடைத்ததால் ஊறியதா? கறந்த பாலுக்குப் பதிலாக அதே அளவு சர்க்கரைக் கரைசலைத் திருப்பி ஏற்றிப் பார்த்தார்கள். மடி நிறைந்தேதான் இருந்தது, ஆனாலும் சுரப்பு கூடியது. இடம் கிடைத்ததால் இல்லை, பாலே போனதால்தான். தேங்கிக் கிடக்கும் பாலுக்குள்ளேயே, போதும் நிறுத்து என்று சொல்லும் ஒரு பொருள் இருக்கிறது.

மாட்டோடு ஒப்பிட்டால் ஆட்டின் மடியில் கீழ்த்தொட்டி பெரிது. பாலில் பெரும்பங்கு சுரந்த இடத்தைவிட்டு அந்தத் தொட்டிக்கு இறங்கிவிடுவதால் தடுப்புச் செய்தி சுரப்பிக்கு அவ்வளவாக எட்டாது. அதனால் நாளுக்கு ஒரே ஒரு முறை கறந்தாலும் ஆட்டுக்கு நஷ்டம் குறைவு. ராத்திரி குட்டியைப் பிரித்துக் காலையில் கறந்துவிட்டு, பகல் முழுக்கத் தாயோடு விடுகிறார் அக்கா. வேலைக்குப் போகிற வீட்டுக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஈன்றதும் வரும் சீம்பாலில் மட்டும் கை வைக்கக்கூடாது. ஆட்டுக்குட்டி நோய் எதிர்ப்பு எதுவும் இல்லாமல் பிறக்கிறது. முதல் நாள் சீம்பாலில் வருவதைத்தான் அதன் குடல் அப்படியே இரத்தத்துக்குள் விடும், ஒரு நாள் ஆனதும் அந்தக் கதவு மூடிவிடும்.

ஆட்டுப்பால் ஏன் இத்தனை வெள்ளை? புல்லின் மஞ்சள் நிறமியான கரோட்டினை ஆடு முழுவதும் வைட்டமின் ஏ ஆக்கிவிடுகிறது. மாடு கொஞ்சத்தை அப்படியே பாலுக்கு விடுவதால்தான் பசுநெய் மஞ்சள். ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் சிறியவை, அவற்றை ஒட்டவைக்கும் புரதமும் இல்லை. அதனால் ஆடை எளிதில் திரளாது, வெண்ணெய் எடுக்கக் கிளம்பியவர்களுக்குக் கைதான் வலிக்கும். வாடைக்குக் கப்ராயிக், கப்ரிலிக், கப்ரிக் என்று மூன்று கொழுப்பமிலங்கள், மூன்றின் பெயரும் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து. கிடாவைப் பக்கத்தில் கட்டினால் வாடை இன்னும் ஏறும். கிடாவின் தலைமுடியிலிருந்து எழும் ஒரு பொருளை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தார்கள். தனியாக முகர்ந்தால் ஆரஞ்சு வாசம். காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் ஆனதும் அசல் கிடா நாற்றம். பெட்டையின் மூளையில் இனப்பெருக்க ஹார்மோனைத் தட்டி எழுப்புவது அந்த ஆரஞ்சு வாசம்தான். அக்கா வீட்டுக் கிடாவின் கொட்டில் காற்று போகும் திசையில், பரணிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்கிறது.

காந்தி குடித்த பால் என்று தோட்டங்களில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. வயிற்றில் இளகிய தயிராக உறைவதால் எளிதில் செரிக்கிறது என்பதும் சரிதான். ஆனால் பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்பது தவறு. புரதங்கள் அவ்வளவு ஒத்தவை, பத்தில் ஒன்பது குழந்தைக்கு இதுவும் ஒவ்வாது. லாக்டோஸும் ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, கைக்குழந்தைக்கு இதை மட்டுமே கொடுத்தால் இரத்தசோகை வரும்.

கடைசியாக ஒன்று, காய்ச்சுவது. மால்டாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாரக்கணக்கில் வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் கண்டார். அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிய மேலும் 18 வருடம் ஆயிற்று. 1905இல் தெமிஸ்டக்ளிஸ் ஸாமித் என்ற மால்டா மருத்துவர், பார்வைக்கு எந்த நோயும் இல்லாத ஆடுகளின் உடம்பில் அதைக் கண்டுபிடித்தார். புருசெல்லா. ஏதோ மத்தியதரைக் கடல் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள பினாங்கில், ஒரே பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப்பாலை வாங்கிக் குடித்த 79 பேருக்கு ஒரு வருட காலத்தில் இந்த நோய் உறுதியானது. முதலில் படுத்தவர் பண்ணைக்காரரே. டெங்கியா, மலேரியாவா, எலிக்காய்ச்சலா என்று தேடி எதுவும் இல்லாத பிறகுதான் புருசெல்லா நினைவுக்கு வந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 53 நாள். இரத்த மாதிரியைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர் நால்வருக்கும் தொற்றியது. ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பவும் வந்தது. இத்தனைக்கும் இந்தக் கிருமி 63 பாகை செல்சியஸில் அரைமணி நேரம் தாங்காது, 72 பாகையில் 15 விநாடி தாங்காது. பொங்கவிட்டால் தீர்ந்தது.

நான் போயிருந்த அன்று, அக்கா கறந்து முடிக்கும் நேரத்துக்கு ஒரு பெரியவர் போத்தலோடு வந்தார். இழுப்புக்கு, மடிச்சூடு ஆறாத பச்சைப்பால்தான் வேண்டுமாம். அவருடைய அப்பா தோட்டத்தில் அப்படித்தான் குடித்தாராம்.

"பச்சையா குடுக்க மாட்டேன் மாமா. உக்காருங்க, காச்சித் தர்றேன்."

"காச்சினா சத்துப் போயிடும்மா."

அக்கா பதில் சொல்லவில்லை. பாலை வடிகட்டி அடுப்பில் வைத்தார். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே ஐந்தடியில் உட்கார்ந்தார். பரணில் குட்டிகளை அவிழ்த்துவிடச் சொல்லி ஆடுகள் கத்தத் தொடங்கின. பால் பொங்கி எழுந்தது, அக்கா தீயைக் குறைத்தார், அடங்கவிட்டு இன்னொரு முறை எழவிட்டார். அதற்குப் பிறகு அது ஆற வேண்டும். பெரியவர் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.